ஆள் இருக்கு!

போன மாதம் எங்கள் பழைய கம்பனியில் மகளிர் தினக் கூட்டம் வைத்தார்கள். கட்டடத் துறையில் பெண்கள் என்பது தலைப்பு. ஓய்வு பெற்றவர்களில் நடமாடக்கூடிய நிலையில் இருப்பவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, மேடையில் நடுக் கதிரையும் பூச்செண்டும் கண்ணாடிக் கேடயமும் தந்து, இளம் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும்படி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பிள்ளையள், இந்தத் தொழிலில நான் முதன்முதல் படிச்சது மூத்திரத்தை அடக்கிறதுதான்."

முன்வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வங்கிக்காரர் ஒருவர் போத்தலை மூடி வைத்தார். நிகழ்ச்சி நடத்திய பெண் சிரித்த முகத்தோடு ஓடி வந்து, நேரம் போதாத காரணத்தால் மங்கை மிஸ்ஸுக்கு நன்றி என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டாள். கைதட்டல் மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒரு இளம் என்ஜினியர் பிள்ளை பின்னால் வந்து கையைப் பிடித்தது. "மிஸ், மிச்சத்தைச் சொல்லுங்கோ. எங்கட சைட்டிலயும் அதுதான் பிரச்சினை" என்றது. லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன். இங்கே மைக்கைப் பறிக்க ஆளில்லை.

நான் வெள்ளவத்தைக்காரி. கட்டடப் படம் கீறுகிற வேலைக்கென்று கம்பனியில் சேர்ந்து, கீறிய படத்தை மேசன்மார் எப்படிக் கெடுக்கிறார்கள் என்று பார்க்கப் போய், சைட் சூப்பர்வைசராகவே ஆகிவிட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீமெந்துக் கலவை பத்து நாளில் பிடிபட்டுவிடும். கக்கூஸ் எங்கே என்பதுதான் சைட்டுக்குச் சைட் மாறும். ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஒரு மதிலும் கொஞ்சம் வெட்கங்கெட்ட தனமும் போதும். நான் பக்கத்து வீட்டு மனிதர்களோடு சிநேகம் பிடிப்பேன். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாலர் பாடசாலை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வங்கிக் கட்டடம் முடியும் வரைக்கும் பக்கத்திலிருந்த மணப்பெண் அலங்காரக் கடைக்கு நாளாந்த வாடிக்கையாளராக இருந்தேன். கல்யாணம் எப்போது என்று அந்தக் கடைக்காரி கேட்பதை நிறுத்தவே பல மாதங்கள் எடுத்தன.

எங்கள் முதலாளி நிசாம் கொட்டாஞ்சேனைக்காரர். சத்தம் போட மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் எண்ணெய் ஊறிய பழுப்புக் கடதாசிப் பையில் பற்றிஸ், அதுதான் உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம், வாங்கிக்கொண்டு சைட்டுக்கு வருவார். மேசையில் பையை வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டி, பிறகுதான் வாயைத் திறப்பார். பற்றிஸ் மட்டும் என்றால் யாருடையதோ ஒரு சுவர் உடைபடும். ரோல்ஸும் சேர்ந்து வந்தால் மாடிப்படி இடம் மாறும். அதனால் எங்கள் கம்பனியில் பற்றிஸை ஆசையாகச் சாப்பிட்டவர் யாரும் இல்லை.

இனி ஸ்டேஷனுக்கு வருகிறேன். கொழும்பில் சனம் நெருக்கியடிக்கும் ஒரு ரயில் நிலையம். பெயர் வேண்டாம், நான் இன்னும் அந்த வழியாகத்தான் பயணம் போகிறேன். முதலாம் மேடையை ஒட்டி ஒரு நீண்ட வரிசையில், கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலக அறைகள். உயரமான கூரை, தடித்த சுவர், எப்போதோ பூசிய சுண்ணாம்பு. கூரைத் தட்டு, வயரிங், தரை, தடுப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் ஸ்டேஷனை ஒரு நாளும் மூட முடியாது. இரவு வேலைக்கும் அனுமதி கிடைக்கவில்லை, இரவில் கந்தோரைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க அவர்களிடம் ஆள் இல்லையாம். ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றச் சொன்ன மாதிரி ஒரு வேலை.

முதல் நாள் நான் அளவு நாடாவை எடுக்கவில்லை, வழக்கம்போலத் தேட வேண்டியதைத் தேடினேன். வரிசையின் கடைசியில் ஒரு கதவு. மேலே மும்மொழிப் பலகை, மூன்று மொழியும் சமமாக அழிந்திருந்தது. தள்ளினேன்.

"ஆள் இருக்கு!"

சுவர் அதிரும்படி உள்ளிருந்து ஒரு குரல். நான் பாய்ந்து பின்வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி ஒரு கனத்த பெண் வெளியே வந்தாள். டிக்கட் கவுன்டரில் மூத்த கிளார்க், பெயர் தெரேசா. அவளும் கொட்டாஞ்சேனைதான்.

"யாரு நீங்க? பாசெஞ்சரா? பாசெஞ்சருக்கெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"இல்லை அக்கா, கொன்ட்ராக்ட் ஆள். உங்கட கந்தோரைத் திருத்த வந்திருக்கிறன்."

"அப்ப மொதல்ல இந்தக் கொண்டியத் திருத்துங்க. ஒடஞ்சி எத்தனையோ வருசமாச்சி. அதான் யாராச்சும் கதவத் தொட்டா உள்ளேருந்து கத்துறது."

அது பெண் ஊழியர் ஓய்வறை. உட்கார ஒரு வாங்கு, ஒரு இரும்பு அலுமாரி, சுற்றாத மின்விசிறி, மூலையில் ஒரு கக்கூஸ். அவ்வளவுதான். கொண்டி இல்லாத அந்த மூலைக் கதவுக்குக் காவல் தெரேசா அக்கா கண்டுபிடித்த இரண்டு சொற்கள். அங்கே வேலை செய்த பெண்களில் பெரும்பாலானோர் சிங்களப் பெண்கள், தமிழ் தெரியாது. ஆனால் எல்லோரும் உள்ளே போனால் தமிழில்தான் கத்துவார்கள். மூத்தவள் கத்துகிறபடி இளையவர்களும் கத்திப் பழகிவிட்டார்கள்.

அந்த அறை இல்லாவிட்டால் அடுத்த கக்கூஸ் மேம்பாலம் ஏறி இறங்கி மறு கரையில். கவுன்டருக்கு முன்னால் வரிசை நிற்கும்போது யார் அங்கே போய் வர விடுவார்கள்? அதற்கு முன்னொரு முறை தண்ணீர் வராமல் அறையைச் சில வாரங்கள் பூட்டி வைத்தார்களாம். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நிலூஷி என்ற இளம் பெண் சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலோடு களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாளாம். தெரேசா அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வேறு. "சீனிக்காரிக்கு எவ்வளவு நேரம் அடக்க ஏலும் மங்கை? நான் டிக்கட் குடுக்கவா, இதையே நெனைச்சிக்கிட்டிருக்கவா?" என்று கேட்டாள். எனக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்கு நானும் ஒரு உறுப்பினர்.

வேலை தொடங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: மேடையில் ரயில் நிற்கும்போது சம்மட்டி அடிக்கக் கூடாது, அறிவிப்புச் சொல்லும்போது ட்ரில் போடக் கூடாது. எங்கள் தலைமைக் கந்தோர் என்ஜினியர் ரயில் நேர அட்டவணையை எடுத்து, ரயில் இல்லாத நேரங்களுக்கெல்லாம் பச்சை மை பூசி, சம்மட்டி நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். கொழும்பில் பிறந்து வளர்ந்த மனிதர், ரயிலுக்குக் காத்து நின்றே பாதி முடி நரைத்தவர். ஆனாலும் கடதாசியைக் கண்டதும் அவருக்கு அட்டவணைமேல் நம்பிக்கை வந்துவிட்டது. முதல் பச்சை நேரத்தில் எங்கள் மேசன் பாஸ் செல்வம் கூரைத் தட்டை இடித்தான். போயிருக்க வேண்டிய ரயில் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அதற்காக ஜன்னலுக்கு வெளியே நின்ற கந்தோர்க்காரர்கள் தலை முதல் கால் வரை சுண்ணாம்பு பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அட்டவணையைக் கிழித்தோம். வாசலில் ஒருவனை நிறுத்தினோம். ரயில் தெரிந்தால் அவன் சிவப்புத் துணியைத் தூக்கி ஆட்டுவான், உள்ளே சம்மட்டி நிற்கும். ரயில் போனால் பச்சைத் துணி. எல்லோருக்கும் இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மேடை விளிம்பில் நின்று சிவப்புத் துணியை ஆட்டினால் ரயிலும் நிற்கும் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்த ரயிலின் டிரைவர் துணியைப் பார்த்து பிரேக்கை இழுத்தார். நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டி எங்கள் கம்பனியின் மூன்று தலைமுறையையும் சனம் வாழ்த்தியது.

அன்றுதான் லொகு மாத்தயாவை முதன்முறை கிட்ட நின்று பார்த்தேன். பெரிய ஐயா என்று அர்த்தம், நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரியை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கதிரை முதுகில் வெள்ளைத் துவாய் போட்டு, அதில் சாயம் பூசிய தலையைச் சாய்த்து, பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் தன் நகத்தைப் பார்ப்பார். அவர் காலத்தில் அந்த நிலையத்தில் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு கருங்கல், கல்லில் அவர் பெயர். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கல், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஒரு கல். பூச்செடித் தொட்டி ஒன்றுக்கும் இருந்தது. செடி செத்துவிட்டது, கல் இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு பிழை. அதோடு உங்கள் கம்பனிக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை" என்று சிங்களத்தில் நகத்திடம் சொன்னார். நகம் கேட்டுக்கொண்டதோ இல்லையோ, நான் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு துணிக்குப் பதிலாகக் குடை. ரயில் வந்தால் வாசலில் நிற்பவன் கறுப்புக் குடையை விரிப்பான். கூரைக்குக் கீழே குடை விரிவதைக் கண்ட பயணிகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒழுகுகிற கூரைதான், அதனால் யாரும் அதிசயப்படவில்லை.

இரண்டு வாரம் நிம்மதி. பிறகு ஒரு நாள் லொகு மாத்தயா வரிசை நெடுகிலும் என்னோடு நடந்து வந்து, கடைசிக் கதவைப் பேனையால் காட்டினார். அது அவருடைய மாநாட்டு அறையாகப் போகிறதாம். கக்கூஸை உடைத்து எடுத்துவிட வேண்டும். பெண்கள் தற்காலிகமாக யார்ட்டின் கோடியிலுள்ள தகரக் கொன்டெய்னருக்குப் போகலாம்.

"அப்ரூவ் பண்ணின படத்தில பெண்கள் ஓய்வறை எண்டு இருக்கே, சேர். மாத்திறதெண்டால் எழுத்தில தருவீங்களா?" என்று என் சிங்களத்தில் கேட்டேன்.

"எழுத்து எதற்கு? நான்தான் சொல்கிறேனே."

அரசாங்கக் கந்தோரில் தற்காலிகம் என்றால் என்னவென்று தெரியாதவருக்குச் சொல்கிறேன். காணாமல் போன பொருள்களைச் சேர்க்கும் பிரிவு ஒரு கொட்டிலுக்குத் தற்காலிகமாகப் போனது. போன கிளார்க் அங்கேயே நரைத்து, அங்கேயே பிரியாவிடை கேக் வெட்டினார். எழும்பிப் போன கதிரை திரும்பி வந்ததாக அந்தக் கட்டடத்தில் வரலாறு இல்லை.

மறுநாள் நிசாம் முதலாளி வந்தார். பழுப்புப் பை மேசைக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்தார்.

"சாப்புடுங்க மங்கை மிஸ். சூடா ஈக்கிது."

"இந்த முறை ஆருடைய சுவர், முதலாளி?"

"அந்தப் பொம்பளையளுட ரூம்தான். மனிசன் வாயால செல்லிட்டாரு. ஒடச்சிக் குடுத்துட்டுப் போவம் மிஸ். அந்த செவப்புத் துணி வேலைக்குப் பொறகு அவரோட மொறைக்க எனக்கு ஏலா. இந்தக் கொன்ட்ரெக்ட் போனா நான் கடையையே மூடணும்."

"எழுத்தில்லாமல் உடைச்சா நாளைக்கு ஓடிட்காரன் உங்களைத்தான் பிடிப்பான். அவர் நான் சொல்லவே இல்லை எண்டு நகத்தைப் பாப்பார்."

முதலாளி ஒரு பற்றிஸை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தார். "அப்ப என்ன செய்ற?"

"படத்தில இருக்கிறபடி செய்வம். அவர் எழுதித் தந்தால் உடைப்பம்."

தெரேசா அக்காவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு கவுன்டருக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து ஓய்வறையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள். "நாம எந்திரிச்சாதானே ரூம் போகும்? எந்திரிக்க மாட்டம்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கதிரை காலியாகவே இல்லை. ஷிஃப்ட் முடிந்தவள் வீட்டுக்குப் போகாமல் உட்காருவாள், லீவில் இருப்பவள் மெனக்கெட்டு வந்து உட்காருவாள். ஒருத்தி முருங்கை இலை ஆய்ந்தாள், ஒருத்தி தலைக்குச் சாயம் பூசினாள். ஒருத்தி குறட்டை விட்டாள். எங்கள் தொழிலிலும் ஒரு விதி உண்டு, ஆள் இருக்கிற இடத்தில் சம்மட்டி தூக்கக் கூடாது. ஆனால் படத்தின்படியான தரை வேலையை ஆளை வைத்துக்கொண்டே செய்யலாம். அறையைப் பாதி பாதியாகப் பிரித்தோம். இந்தப் பாதியில் டைல்ஸ் பதிக்கும்போது கதிரை அந்தப் பாதியில். காய்ந்ததும் கதிரை இந்தப் பக்கம். கக்கூஸில் புதுக் குழாயும் புதுப் பீங்கானும் வைத்த நாட்களில் மட்டும் பாலத்தைக் கடந்து போனார்கள், அப்போதும் கதிரையில் ஆள் இருந்தது.

செல்வம் மலையகத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். "மிஸ், வீட்டுல பொஞ்சாதி, மாமியா, மூணு மக. அந்த வாயிக்குத் தப்பித்தான் வேலைக்கே வாறன். இங்க வந்தா டைல்ஸு கோணலா இருக்குன்னு ஒம்பது பேரு சொல்றாங்க" என்று முறையிட்டான். கோணலாகத்தான் இருந்தது. கழற்றி ஒட்டச் சொன்னேன்.

லொகு மாத்தயா நேரில் வந்தார். "மொகத மே?" என்று, என்ன இது என்ற அதட்டலோடு, வாசற்படியில் காலை வைத்தார். உள்ளே மூலைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆள் இருக்கு!"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கதிரையிலிருந்த நிலூஷி எழும்பாமலே மிகவும் பணிவாகச் சொன்னாள், "சேர், இது பெண்கள் அறை. உள்ளே ஒருவர் இருக்கிறார்." வைத்த காலை அவர் திரும்ப எடுத்தார். அடுத்த நாளும் வந்தார், அடுத்த வாரமும் வந்தார். எப்போது வந்தாலும் உள்ளே யாரோ கத்துவார்கள். சில வேளை கக்கூஸ் காலியாகத்தான் இருக்கும், கதிரையில் இருப்பவளே கத்துவாள். முழு ஸ்டேஷனுக்கும் அதிகாரியான மனிதர் அந்த ஒரு வாசற்படியை மட்டும் தாண்ட முடியாமல் நின்று பல்லைக் கடித்ததைப் பார்த்து நான் குடைக்காரனின் குடைக்குப் பின்னால் ஒளிந்து சிரித்திருக்கிறேன்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. தெரேசா அக்காவைத் தூரத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம் அவள்தான் கதிரையில் இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உதடு காய்ந்திருந்தது, பயத்தில் மறுபடியும் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள்.

"வாய்தான் பெரிசு மங்கை. உள்ளுக்கு நடுங்குது. மாத்துனா போறதுக்கு எனக்குக் கால் இல்ல. போகாட்டி வேல இல்ல. ஒரு கக்கூஸுக்காக பென்சனத் தொலைச்சவன்னு வீட்டுல சொல்லுவாங்க."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான் ஏறி இறங்கிய அந்நிய வீட்டு வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவள் காலைப் பிடித்துவிட்டேன்.

வழியைத் திறந்து தந்தவர் லொகு மாத்தயாவேதான். மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வரப் போகிறார்கள், அதற்குள் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று அவருக்கு அவசரம் பிடித்தது. சாத்திரக்காரரிடம் சுபநேரமும் எடுத்துவிட்டார். சுபநேரம் குறித்த பிறகு இந்த நாட்டில் அதைத் தள்ளிப் போட யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் அவருடைய கந்தோர் உட்பட மற்ற அறைகளுக்குக் கூரைத் தட்டுப் பலகைகள் இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர வேண்டுமென்று நானும் யாரையும் நெருக்கவில்லை.

"அன்றைக்கு எது முடிந்திருக்கும்?" என்று கேட்டார்.

"கடைசி அறை மட்டும்தான், சேர்."

"ஆ, கொன்பரன்ஸ் ரூம்" என்றார். பெண்களை வெளியேற்றிவிட்டு வேலையை முடித்துத் தரப் போகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கல்லில உங்கட பேரை எப்பிடிப் போடுவம், சேர்?" என்று கேட்டேன்.

என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த நாள் கல்லின் மாதிரியைத் தாளில் கீறிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். மேலே மூன்று மொழியிலும் பெண் ஊழியர் ஓய்வறை என்று பளிச்சென்று எழுதியிருந்தேன். கீழே அவர் பெயர். அவருடைய கண் நேரே கீழே போய் அங்கேயே குடியிருந்தது. பெயரை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பட்டங்களுக்கு இடம் போதாது, மேலே உள்ளதைச் சிறிதாக்கு என்றார். சிறிதாக்கினேன். கையெழுத்துப் போட்டார். அந்த வேலை முழுவதிலும் அவர் எழுத்தில் தந்த ஒரே உத்தரவு அதுதான்.

தாளைப் பார்த்த நிசாம் முதலாளி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியவர் நெடுநேரம் நிறுத்தவில்லை. "வெளங்கிச்சின்டா என்னைய உரிச்சித் தொங்கப் போட்டுடுவாரு மிஸ்." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ட மகளும் ட்ரெயின்லதான் வேலைக்குப் போற. கல்லுக்கு நானே ஓடர் குடுக்கிறன். தடிச்ச கல்லாப் போடுவம், லேசில ஒடயாத கல்லா."

விழாவன்று விடியற்காலையிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். கதிரையைச் சுவரோரம் நகர்த்தி, அது இருந்த இடத்தில் அடுப்பு வைத்து, புதுச் சட்டியில் பால் ஏற்றினார்கள். குடிபுகும் வீட்டில் செய்வதுபோல. லொகு மாத்தயா வெள்ளைத் தேசிய உடையில் வந்தார். மேலிடத்திலிருந்து வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண் அதிகாரி. வாசலுக்கு வெளியே சுவரில் கல், கல்லுக்கு மேலே மஞ்சள் திரை. உள்ளிருந்து பால் வாசம் வருவதை லொகு மாத்தயா கவனித்தாரோ தெரியாது. நேரம் வந்தது, கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

அவர் முதலில் தன் பெயரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கண் மெதுவாக மேலே ஏறியது. காது சிவந்து வருவதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். முதலாளி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். தெரேசா அக்கா வாசலுக்குள் நின்று என் கண்ணையே பார்த்தாள். அப்போது அந்தப் பெண் அதிகாரி கை தட்டினார்.

"நாங்கள் கவுன்டரில் இருந்த காலத்தில் இப்படி யோசித்த அதிகாரி ஒருவர்கூட இருக்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கமராக்காரர் பெரிய ஐயாவை இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

லொகு மாத்தயா கல்லைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார். சிரித்தார். அதே நேரம் உள்ளே பால் பொங்கிச் சட்டியின் நாலா பக்கமும் வழிந்தது, பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதன்முறையாக அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். தெரேசா அக்கா ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பால்சோற்றில் ஒரு துண்டை அவர் கையில் வைத்தாள். தன் பெயர் பொறித்த கல்லைத் தானே உடைக்கிற அதிகாரி இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த ஓய்வறை தன்னுடைய நீண்ட நாள் கனவு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லிவிட்டுப் போகட்டும். மாற்றல் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

விழா முடிந்ததும் நிசாம் முதலாளி கையில் பையோடு வந்ததைப் பார்த்து, இனி எந்தச் சுவர் என்று கேட்கப் போனேன். திறந்தால் பற்றிஸ் இல்லை, இனிப்பான வட்டிலப்பம். நான் புறக்கோட்டையில் வாங்கி வைத்திருந்த தடித்த பித்தளைக் கொண்டியைச் செல்வத்திடம் கொடுத்து என் கண்முன்னே மூலைக் கதவில் பொருத்தச் சொன்னேன். மறுநாள் காலை டிக்கட் கவுன்டரைக் கடந்தபோது தெரேசா அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வரிசை நிற்க நிற்க, என்னைப் பார்த்துக்கொண்டே அண்ணாந்து குடித்தாள்.

தெரேசா அக்கா பென்சன் எடுத்துச் சில காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். செத்த வீட்டுக்கு நானும் முதலாளியும் போனோம். அதற்குப் பிறகு அந்த வரிசைப் பக்கம் நான் போகவில்லை.

மகளிர் தினக் கூட்டம் முடிந்த கிழமை, கம்பஹாவிலுள்ள மருமகளைப் பார்க்கப் புறப்பட்டு அந்த ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றேன். ரயில் தாமதம். எனக்கும் இப்போது சீனி. பாலத்தைப் பார்த்தேன், முழங்காலைப் பார்த்தேன், பிறகு கந்தோர்க்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதலாம் மேடை வரிசையில் நடந்தேன். கல் அப்படியே இருந்தது. அதன் மூலையில் யாரோ ஈரக் குடையைக் கொளுவி வைத்ததில் லொகு மாத்தயாவின் பட்டங்கள் பாதி மறைந்திருந்தன. வெளி வாசல் திறந்திருந்தது. உள்ளே மூலைக் கதவைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு!"

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பித்தளைக் கொண்டி இழுபடும் சத்தம் கேட்டு, ஒரு இளம் பெண் வெளியே வந்தாள். நான் தமிழில் ஏதோ கேட்டேன். தமிழ் தெரியாது ஆன்ட்டி என்றாள் சிங்களத்தில். அப்படியானால் இப்போது கத்தியது என்ன என்று கேட்டேன்.

"அதுவா? இந்த அறையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தந்தார்கள்."

"கொண்டிதான் நல்லா இருக்கே?"

"கொண்டி போட்டாலும் சொல்ல வேண்டும்" என்றாள், தெரியாதவளுக்கு விளக்குகிற தோரணையில். தெரேசா என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குத் தெரியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஸ்டாஃபுக்கு மட்டும் ஆன்ட்டி." பிறகு என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, "அவசரமா?" என்றாள்.

"ஓவ்" என்று சிங்களத்தில் ஆமென்றேன். விலகி வழி விட்டாள்.

டைல்ஸ் ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் கோணல்தான். கொண்டியைப் போட்டேன், இறுக்கமாக விழுந்தது. உட்கார்ந்ததும் காரணமில்லாமல் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் மூச்சை இழுத்து, சுவர் அதிரக் கத்தினேன்.

"ஆள் இருக்கு!"